பேட்டில்ஃபீல்ட் 1: நிதானமான போரும் அவசரமான ஆட்டமும்

அனைவருக்கும் வணக்கம்.

2016 அக்டோபரில் வெளிவந்த பேட்டில்ஃபீல்ட் 1 பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முதல் உலகப்போரைக் களமாகக் கொண்டு ஸ்டாக்ஹோமின் டைஸ் நிறுவனம் செய்த ஷூட்டர், அதாவது துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் அது. அந்தப் போரின் ஆயுதங்கள் நிதானமானவை. அந்த நிதானத்தை ஏற்றுக்கொண்ட இடங்களிலெல்லாம் ஆட்டம் ஜெயித்திருக்கிறது. ஆடுபவர்களுக்குச் சலித்துவிடுமோ என்று பயந்த இடங்களில் சறுக்கியிருக்கிறது.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிழைக்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அலை அலையாக வரும் எதிரிகளைச் சுடுகிறீர்கள், தோட்டா தீர்கிறது, விழுகிறீர்கள். திரையில் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அடுத்த நொடி வேறொரு வீரனாக அதே சேற்றில் நிற்கிறீர்கள். ஷூட்டர் ஆட்டங்களில் இவ்வளவு நேர்மையான தொடக்கம் அபூர்வம்.

அந்தக் காட்சியில் வருபவர்கள் அமெரிக்காவின் 369-வது காலாட்படை ரெஜிமென்ட், ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ் என்று பெயர் பெற்ற கறுப்பின வீரர்கள். அவர்களை 1918-இல் அமெரிக்கத் தலைமை பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. பிரெஞ்சுத் துப்பாக்கி ஏந்தி, பிரெஞ்சு இரும்புத் தொப்பி போட்டுத்தான் போரிட்டார்கள். ஆனால் ஆட்டம் வெளியானபோது, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில் பிரெஞ்சுப் படையே கிடையாது! 2017 மார்ச்சில் கட்டண விரிவாக்கமாக வந்தது. ரஷ்யப் படைக்குச் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேற்கு முனைப் போரைப் பிரான்ஸ் இல்லாமல் விற்றதற்கு எந்த நியாயமும் இல்லை.

துப்பாக்கிகளுக்கு வருவோம். ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வீரர் வகுப்புகளில் ஸ்கௌட் என்பது தொலைவிலிருந்து சுடுபவர். அந்த வகுப்பின் ரைஃபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரக்கணக்கு உண்டு. எஸ்எம்எல்இ என்ற பிரிட்டிஷ் ரைஃபிள் என்றால் 40 முதல் 75 மீட்டர். மார்டினி-ஹென்றி என்றால் 30 முதல் 80. அந்த எல்லைக்குள் மார்பில் ஒரு குண்டு பட்டால் ஆள் காலி. 20 மீட்டரில் அதே மார்பில் சுட்டால் பிழைத்துக்கொண்டு திருப்பிச் சுடுவான். மார்டினியில் ஒரு வேட்டுக்கு ஒரு தோட்டா. தவறினால் அடுத்ததைப் போடும்வரை நீங்கள் நிராயுதபாணி. அதனால் தலையைத் தேடி மலையுச்சியில் படுத்துக்கிடப்பதைவிடத் தூரத்தை அளந்து படையோடு நகர்பவருக்கே பலன் அதிகம். இது அருமையான வடிவமைப்பு.

இலகு இயந்திரத் துப்பாக்கியில் புதியவர்கள் செய்யும் தவறு, விட்டுவிட்டுச் சுடுவது. இங்கே கணக்கு தலைகீழ். முதல் சில குண்டுகள்தான் சிதறும். விடாமல் சுட்டால் குறி இறுகும். காயம்பட்டவர்களைக் காப்பாற்றும் மெடிக் வகுப்பின் ரைஃபிளில் ஒவ்வொரு வேட்டும் குறியைக் கலைக்கும். ஒரு மூச்சு விட்டுச் சுட வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி அழுத்திவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுபவர்கள் ஏராளம்.

கேஸ் மாஸ்க் இன்னொரு நல்ல யோசனை. முகத்தில் மாட்டினால் விஷப்புகை ஒன்றும் செய்யாது. ஆனால் துப்பாக்கியைக் கண்ணோடு சேர்த்துக் குறிபார்க்க முடியாது. மூச்சா, குறியா? அகழிக்குள் விஷப்புகைக் குண்டு விழும்போது இந்தக் கேள்விக்கு அரை நொடியில் பதில் சொல்ல வேண்டும். புகை கலைந்த பிறகும் மாஸ்க்கைக் கழற்ற மறந்து, இடுப்பிலிருந்தே சுட்டுச் சாகிறவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம்.

ஒரு தரப்பு கொடி நட்ட இடங்களைப் பகுதி பகுதியாகப் பிடிக்க, மறு தரப்பு தடுக்கும் ஆபரேஷன்ஸ் முறைதான் இந்த ஆட்டத்தின் இதயம். தாக்குபவர்களுக்கு மூன்று பட்டாலியன்கள், அதாவது மூன்று வாய்ப்புகள். ஒரு பகுதி விழுந்ததும் ஊதல் சத்தத்தோடு மொத்தப் படையும் அடுத்த கோட்டுக்கு ஓடும். தோண்டப்பட்ட குண்டுக்குழிகளே அடுத்த மறைவிடம். ஒரு பட்டாலியன் அழிந்தால் ஆகாயக்கப்பலோ கவச ரயிலோ உதவிக்கு வரும். குறையும் அங்கேதான் இருக்கிறது. கொடியைப் பிடிக்க வேண்டியவர்கள் அதன் பீரங்கி இருக்கைக்கு முண்டியடிப்பார்கள். தரையில் ஆள் குறையும். கப்பல் எரிந்து விழும்போது கொடி எதிரியிடமே இருக்கும். ஆர்கோன் காடு மாதிரிக் குறுகிய மேப்களில், அதாவது சண்டைக் களங்களில், கையெறிகுண்டு மழை வேறு. பிற்பாடு குண்டு நிரம்பும் வேகத்தைக் குறைத்தார்கள், ஓரளவு அடங்கியது.

சரித்திரத்தைப் பொறுத்தவரை என் பெரிய குறை தானியங்கித் துப்பாக்கிகள். எந்த நாட்டுப் படையில் இருந்தாலும் அந்தந்த வகுப்பின் ஆயுதங்கள் எல்லோருக்கும் கிடைக்கும். பாரசீக வளைகுடா முனையில் இருக்கும் ஃபாவோ கோட்டை மேப்பைப் பாருங்கள். 1914 நவம்பரில் அங்கே இறங்கியது பிரிட்டிஷ் இந்தியப் படையின் பூனா டிவிஷன். ஒவ்வொரு வேட்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுட்ட ரைஃபிளோடு அவர்கள் ஏறிய கரையில், ஆட்டத்தின் பிரிட்டிஷ் வீரர்கள் எம்பி 18 என்ற தானியங்கித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சரமாரியாகச் சுடுகிறார்கள். அது ஜெர்மன் துப்பாக்கி. ஜெர்மன் வீரர்கள் கைக்கே 1918-இல்தான் வந்தது.