புளிக்கும் எண்ணெய்க்கும் ஏற்ற வீடு கண்ணாடியே

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலை வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஜார்ஜ்டவுனில் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பினாங்குத் தமிழ் மக்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வீட்டில் உணவைச் சேமித்து வைக்க ஏற்றது கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பது தலைப்பு. எதிரணித் தலைவி அக்கா, கண்ணாடி உடையும், கனக்கும், விலையும் அதிகம் என்றார். அடுத்துப் பேசிய அண்ணன், கண்ணாடி செய்வதற்கு உலையை எத்தனை டிகிரிக்குச் சூடாக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் இருவருமே ஒரு கேள்வியைத் தொடவில்லை. சேமிக்கப் போகிற உணவு எது?

நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முந்தின நாள் வைத்த மீன் குழம்பு இருக்கும். பெலாச்சான் என்ற இறால் விழுதை இடித்துப் போட்ட சம்பால், அதாவது மிளகாய்த் துவையல், இருக்கும். புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், நல்லெண்ணெய் மிதக்கும் தக்காளித் தொக்கு இருக்கும். வெறும் ரொட்டியும் வெண்ணெயும் தின்று வளர்ந்த குடும்பங்கள் அல்ல நாம். புளிப்பும் உப்பும் எண்ணெயும் மஞ்சளும் ஒரே பாத்திரத்தில் கூடுவதுதான் நம் சமையல். அதைச் சூடாக எடுத்து வைக்கிறோம், மறுபடியும் சூடாக்கிச் சாப்பிடுகிறோம். பிளாஸ்டிக்கின் பலவீனங்களை ஒருவர் பட்டியல் போட்டால், அதில் எண்ணெயும் சூடும்தான் முதலில் வரும். நடுவர் அவர்களே, இந்த வழக்கை நம் குழம்பை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஒரே ஒரு டப்பாவை உங்கள் கண்முன் வைக்கிறேன். எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஐஸ்கிரீம் தீர்ந்ததும் கழுவி எடுத்து வைத்ததாக இருக்கலாம், கடையிலிருந்து தாப்பாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, கட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். அதில் இரண்டு நாள் சம்பால் இருந்தது. சம்பால் தீர்ந்ததும் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறோம். சிவப்பு வளையம் போகவில்லை. வெந்நீர் ஊற்றி மறுபடியும் தேய்க்கிறோம். நிறம் சற்று மங்குகிறது, வழவழப்பு போகவில்லை. வெயிலில் காயவைக்கிறோம். அந்த நிறம் வெயிலுக்கு வெளுக்கும் என்பதால் ஓரளவு பலனும் கிடைக்கிறது. காய்ந்ததும் மூடியைப் போட்டு அலமாரியில் வைக்கிறோம். அடுத்த வாரம் பிள்ளைக்குப் பப்பாளி நறுக்கிப் போட அதே டப்பாவைத் திறந்தால், பெலாச்சான் வாடை முகத்தில் அடிக்கிறது. பப்பாளியிலும் அந்த வாடை ஏறிவிடுகிறது.

ஏன் இப்படி? இந்த டப்பாக்களைச் செய்யும் பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வகைகள் எல்லாம் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருபவை. அவற்றின் உறவு தண்ணீரோடு அல்ல, எண்ணெயோடுதான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் டப்பாவின் சுவருக்குள் ஊறும்போது நிறத்தையும் வாடையையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் மேலே எத்தனை தேய்த்தாலும் போவதில்லை. நம் குழம்பு அந்தச் சுவருக்குள் போகிறது என்றால், சுவருக்குள் இருப்பதும் குழம்புக்குள் வரும். கதவு ஒரு பக்கம் மட்டும் திறப்பதில்லை. கண்ணாடியில் இந்தப் போக்குவரத்தே கிடையாது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகி இறுகிய பொருள் அது. எண்ணெய் அதன் மேல் நிற்குமே தவிர உள்ளே புகாது. மீன் குழம்பு இருந்த கண்ணாடிப் பெட்டியை ஒரு முறை கழுவிவிட்டு அதிலேயே பாயசம் ஊற்றி வைக்கலாம்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்களும் ஆண்களும் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கே சமைத்து, பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்து, தினம் ஒன்றாகத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போகிறவர்கள் நீங்கள். உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் அந்த மைக்ரோவேவ் அடுப்பின் முன் வரிசையில் நிற்கும் பெட்டிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பலவற்றின் உட்புறத்தில், குழம்பின் மட்டம் இருந்த உயரத்தில், சொரசொரப்பாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். விரலால் தடவினால் குழி குழியாக இருக்கும். அது கறை இல்லை, பிளாஸ்டிக் பொரிந்த இடம். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். எண்ணெய்க்கு அந்த எல்லை கிடையாது, அதையும் தாண்டிச் சூடேறும். மேலே மிதக்கும் எண்ணெய் சுவரைத் தொடும் இடத்தில்தான் பெட்டி முதலில் பழுதாகிறது. அந்தக் குழிகளில் இருந்த பிளாஸ்டிக் எங்கே போயிற்று? வேறு எங்கே போகும், சோற்றோடுதான் போனது!

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் குழந்தை உணவு வரும் பிளாஸ்டிக் டப்பாக்களையும் பைகளையும் மைக்ரோவேவில் மூன்று நிமிடம் சூடாக்கிப் பார்த்தார்கள். சிலவற்றில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்துகள்கள் வெளியேறின. அவற்றைவிடவும் சிறிய துகள்கள் 200 கோடிக்கும் மேல். இவை நம் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பதில் ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த நோய் வரும், இந்த நோய் வரும் என்று தாய்மார்களைப் பயமுறுத்தி வாக்குக் கேட்பவள் நான் அல்ல. நான் கேட்பது இதைத்தான்: முடிவு தெரியும் வரை அந்தச் சோதனையை நம் பிள்ளைகளின் தட்டில் நடத்த வேண்டுமா?

அக்கா சொன்னார், "மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று அடியில் முத்திரை போட்டிருக்கிறதே" என்று. முத்திரை உண்மைதான். பெட்டி உருகாது, வளையாது, அதிலிருந்து உணவுக்குள் இறங்குவது அனுமதித்த அளவைத் தாண்டாது என்பதுதான் அதன் பொருள். எதுவுமே இறங்காது என்று அது சொல்லவில்லை. அந்தச் சோதனையும் புதுப் பெட்டியில் நடந்தது. இரும்பு நாரால் ஒரு வருடம் தேய்பட்டு, கீறல் விழுந்து, ஓரம் பொரிந்த பெட்டிக்கு யார் முத்திரை கொடுத்தார்கள்?

"பிபிஏ இல்லை" என்ற சீட்டைப் பற்றியும் அக்கா பெருமையாகப் பேசினார். பிபிஏ, அதாவது பிஸ்பினால் ஏ, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் வரும் பொருள். கண்ணாடி போலவே தெளிவாக, கெட்டியாக இருக்கும் வகை அது. நம் மலேசியாவில் 2012 மார்ச் முதல் குழந்தைகளின் பால் போத்தல்களில் அதற்குத் தடை. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பெரும்பாலான பொருள்களில் அதைத் தடை செய்ய முடிவெடுத்தது. இப்போது கவனியுங்கள். நாம் வாங்கும் சாதாரண டப்பாக்களில் பெரும்பாலானவை அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிப்ரோப்பிலீன். அது பிபிஏ கொண்டு செய்யப்படுவதே இல்லை. இல்லாத ஒன்றை "இல்லை" என்று எழுதி ஒட்டிய சீட்டு, அந்த டப்பாவைப் பற்றி நமக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. எண்ணெய் ஊறுவதையோ, துகள் உதிர்வதையோ அந்தச் சீட்டு தடுக்குமா?

சரி, கண்ணாடி உடையும். உடையும்தான், நான் மறுக்கவில்லை. எப்போது உடைகிறது என்று பாருங்கள். குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கும் ரசத்தை ஊற்றினால், உள்பக்கம் விரிகிறது, வெளிப்பக்கம் விரியவில்லை, இழுபறியில் விரிசல் விடுகிறது. உறையவைக்கும்போது விளிம்பு வரை நிரப்பினால், தண்ணீர் பனிக்கட்டியாகையில் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும், இடம் இல்லாமல் பாத்திரத்தைப் பிளக்கும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. குழம்பின் ஆவி அடங்கியதும் ஊற்றுங்கள், மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் போரோசிலிகேட் கண்ணாடி வாங்குங்கள். ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய வகை அது. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே அது விரியும். ஜாம் வந்த போத்தலும், காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் வந்த போத்தலும் அந்த வகை அல்ல. அவற்றில் ஆறிய ஊறுகாயும் தொக்கும் மட்டும் வையுங்கள், அடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதில் அக்கா கவனிக்காத ஒன்று உண்டு. கண்ணாடி பழுதானால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், அள்ளிக் கொட்டிவிட்டு வேறு எடுக்கிறோம். பிளாஸ்டிக் பழுதாவது யாருக்கும் கேட்பதில்லை. பொரிந்த டப்பாவில் இன்னும் மூன்று வருடம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

விலையைப் பற்றிச் சொன்னார்கள். கண்ணாடிச் சேமிப்புக்கு முதல் ரிங்கிட்டைக்கூடச் செலவழிக்க வேண்டாம். தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் யாரும் கடைக்குப் போய்ச் சேமிப்புப் பாத்திரம் வாங்கவில்லை. ஹார்லிக்ஸ் தீர்ந்தால் போத்தல் மிஞ்சும். அதில் மிளகாய்த்தூள் நிற்கும், காப்பித்தூள் நிற்கும், நெய் நிற்கும். ஈரக்காற்று வருடம் முழுவதும் வீசும் இந்த நாட்டில் அந்த மிளகாய்த்தூள் கட்டி பிடிக்காமல் இருந்தது என்றால், இறுக மூடிய கண்ணாடிக்குள் காற்றும் ஈரமும் நுழைய முடியாததுதான் காரணம். பிளாஸ்டிக் சுவரின் வழியே காற்று மெல்லப் போய்வரும். காப்பித்தூளின் மணம் எங்கே போகிறது என்று தேடுகிறவர்கள் அங்கேதான் தேட வேண்டும்.

உலைக்கு வருகிறேன், அண்ணா. நீங்கள் சொன்னது சரி. கண்ணாடியை உருக்க ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும், எடையும் கூடுதல், லாரியில் ஏற்றிவர எண்ணெயும் கூடுதல். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பொருளுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் நீங்கள் வெல்வீர்கள். நாம் பேசுவது வீட்டுச் சேமிப்பைப் பற்றி. இருபது வருடம் அலமாரியில் நிற்கும் போத்தலுக்கு உலை எரிந்தது ஒரு தடவை. பொரிந்த டப்பாக்களை நாம் எத்தனை தடவை மாற்றுகிறோம்? மாற்றியவை எங்கே போகின்றன? 2022 ஜனவரியில் நிபோங் தெபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததை மறந்துவிட முடியாது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நம் மக்கள். எரிந்த குப்பையில் நம் சமையலறையிலிருந்து போனதும் இருந்திருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது.

மூடி பிளாஸ்டிக்தானே என்று எதிரணியில் அடுத்து வருகிறவர் கேட்கத் தயாராக இருப்பார். ஆம், பல கண்ணாடிப் பெட்டிகளின் மூடி பிளாஸ்டிக்தான். குழம்பு மூடியைத் தொடாத அளவுக்கு ஊற்றுங்கள். சூடாக்கும்போது மூடியை எடுத்துவிட்டு ஒரு பீங்கான் தட்டால் மூடுங்கள். தீர்ந்தது.

பிளாஸ்டிக்குக்கு வீட்டில் இடமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பள்ளிக்கு ஓடும் ஏழு வயதுப் பிள்ளையின் பையில் கண்ணாடியை வைக்கச் சொல்ல மாட்டேன். அரிசி, பருப்பு, உளுந்து போன்ற காய்ந்த சாமான்கள் பிளாஸ்டிக் வாளியில் இருக்கட்டும். எண்ணெயும் சூடும் இல்லாத இடத்தில் அது நல்ல வேலைக்காரன்தான்.

பழக்கத்தை யார் மாற்றுவார்கள் என்று அக்கா கடைசியாகக் கேட்டார். அக்கா, நாம் பினாங்குக்காரர்கள். 2009இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்று தொடங்கி, 2011இலிருந்து எல்லா நாளும் கிடையாது என்றானபோது, இந்த ஊர் முணுமுணுத்தது. பிறகு துணிப்பையை மடித்துக் கைப்பைக்குள் வைக்கப் பழகிக்கொண்டது. நாடே பிறகு பேசிய மாற்றத்தை முன்னதாகச் செய்து பார்த்த மக்கள், ஒரு சம்பாலைப் போத்தலுக்கு மாற்ற மாட்டார்களா?

நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதும் முன் உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நேற்றைய மீன் குழம்பு எதில் இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தக் குழம்பு எதில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அந்தப் பக்கமே தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.