கால்வாய்க்கும் ஒரு பெயர் வேண்டும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையைக் குடும்பத்தோடு கழிக்காமல் நமக்காக ஒதுக்கியிருக்கும் நகர மன்ற உறுப்பினர்களே, சமூக மன்ற மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, வசிப்போர் குழுவின் தொண்டூழியர்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னைப் பேச வைத்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தொண்ணூறை நெருங்கும் வயதிலும் பேருந்தில் வந்திறங்கிய ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கத்தை இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

நம் சிங்கப்பூரின் நகர மன்றங்கள் போன்ற வட்டார மன்றங்களின் நிர்வாகம், அவற்றின் நிதி, அவை செய்யும் சுற்றுப்புறப் பணி ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் அந்த ஒரு பழமொழியே போதும் என்பது என் எண்ணம்.

முதலில் நிர்வாகம். ஒரு காலத்தில் நம் அடுக்குமாடிப் பேட்டைகளை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே நேரடியாகப் பராமரித்து வந்தது. 1986இல் நம்முடைய அங் மோ கியோ வட்டாரத்தில்தான் மூன்று நகர மன்றங்கள் முன்னோடியாகத் தொடங்கப்பட்டன. 1988இல் நகர மன்றச் சட்டம் வந்தது. நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்ற உறுப்பினரே நம் மின்தூக்கிக்கும் நடைபாதை விளக்குக்கும் பொறுப்பேற்கும் நிலை அப்படித்தான் பிறந்தது. நாம் மாதந்தோறும் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிற்காலப் பெரும்பணிகளுக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பதும், கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதும் சட்டம். அளந்து போடுவது என்றால் இதுதான். நிதியைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் என் மனம் முழுவதும் கால்வாயில் இருப்பதால் அங்கே போய்விடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு முதல் நாள், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், அதாவது புளோக்கில், நான்கு வீட்டார் சேர்ந்து நகர மன்றத்தின் அனுமதியோடு கீழ்த்தளத்தில் அடுப்பு வைத்து முறுக்கு சுட்டோம். வாசம் எட்டாம் மாடி வரை ஏறியது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் மேல்மாடி மலாய்க் குடும்பமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, வாணலியில் மிஞ்சியிருந்த கரிந்த எண்ணெயை நான்தான் தூக்கிக்கொண்டு போய், நாம் வீட்டில் லோங்காங் என்று சொல்வோமே, அந்தக் கால்வாயில் ஊற்றினேன். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளித் தம்பி, மன்னார்குடிப் பக்கத்துக்காரர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னருகே வந்தார். கோபப்படவில்லை. "ஐயா, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார். கடலுக்குப் போகும் என்றேன். "இதுக்குப் பேர் என்னங்க ஐயா?" என்றார். லோங்காங்குக்கு ஏது பெயர் என்றேன். அவர் சொன்னார்: "எங்க ஊர்ல ஒரு முழ அகல வாய்க்காலுக்கும் பேர் இருக்கும் ஐயா. தலைமடைக்காரன் என்ன செஞ்சாலும் அது கடைமடைக்காரனுக்குத் தெரியும். பேர் இருந்தாத்தான் திட்ட முடியும், பேர் இருந்தாத்தான் கும்பிட முடியும்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தீபாவளி கழிந்த மறுநாள் விடியற்காலை என் மகனை அழைத்துக்கொண்டு அந்தக் கால்வாயின் ஓரமாகவே நடந்தேன். அது ஒரு பெரிய கால்வாயில் சேர்ந்தது. அது பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றில் கலந்தது. காங்கிரீட் வாய்க்காலாக இருந்த ஆற்றை 2012இல் புல்லும் கல்லும் கொண்ட இயற்கையான கரையோடு மாற்றிய அதே இடம்தான். நடந்துகொண்டே இருந்தோம். பீஷானும் தோ பாயோவும் கடந்து, மதியம் ஆற்றின் முகத்துவாரமான காலாங் படுகை வரை போனோம். அந்தப் படுகை இன்று மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. 2008இல் மரினா அணைக்கட்டு கட்டி முடிக்கப்பட்ட பின் அது நன்னீராயிற்று. அங்கிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீர் நம் குழாய்க்கு வருகிறது. நான் கடலுக்குப் போகும் என்று சொன்ன எண்ணெய், என் பேத்தியின் பால்புட்டிக்குப் போகும் வழியில்தான் ஊற்றப்பட்டிருந்தது.

நம் சமையலறைத் தொட்டியில் போகும் நீர் வேறு குழாய், சாலையில் ஓடும் மழைநீர் வேறு கால்வாய் என்பதை நம்மில் பலர் இன்னும் அறியவில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே விழும் மழை, கால்வாய்கள் வழியாகவே 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்து ஆண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்றார். 1987இல் அது நிறைவேறியது. படகுகளும் பன்றிப் பண்ணைகளும் தெருக்கடைகளும் இடம் மாறின. அந்தத் தலைமுறை அவ்வளவு விலை கொடுத்துச் சுத்தம் செய்த ஆற்றில்தான் நாம் அளக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நியூசிலாந்தில் 1989இல் வட்டார மன்றங்களை அமைத்தபோது, அவற்றின் எல்லைகளைப் பெரும்பாலும் ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒட்டியே வகுத்தார்கள். நாட்டின் மிக நீளமான வைக்காட்டோ ஆற்றின் பெயரையே ஒரு மன்றம் தாங்கியிருக்கிறது. மலையில் விழும் துளி கடலைச் சேரும் வரை பெரும்பாலும் ஒரே மன்றத்தின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. வெள்ளத் தடுப்பும், ஆற்றிலிருந்து எவர் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற அனுமதியும் அவர்களிடம் இருக்கின்றன. இங்கோ நம் காலாங் ஆறு பத்து கிலோமீட்டருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நகர மன்றங்களின் பேட்டைகளைக் கடந்து போகிறது. புளோக்கின் காலடிக் கால்வாய் நகர மன்றத்தினுடையது, பெரிய கால்வாய் நாட்டின் நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தினுடையது. இந்தப் பிரிவினையைக் குறையாகச் சொல்லவில்லை, சிறிய நாட்டுக்கு இதுவே பொருந்தலாம். ஆனால் எண்ணெய் வாணலியோடு நிற்பவருக்கு எல்லைகள் தெரியாது. அவர் கண்முன் ஒரு பலகை இருந்தால் தெரியும்.

ஆகவே மாண்புமிகு உறுப்பினர் அவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நம் நகர மன்றத்தின் ஒவ்வொரு புளோக்கின் காலடியிலும், கால்வாய் தொடங்கும் இடத்தில், நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரு சிறு பலகை வையுங்கள். அதில் கால்வாய்க்கு ஒரு பெயர், அது சேரும் ஆற்றின் பெயர், நீர்த்தேக்கத்தின் பெயர், அவ்வளவு போதும். பெயர்களை அந்தந்த புளோக்கின் பிள்ளைகளே சூட்டட்டும். மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய சுற்றுப்புறப் பணிகளான குப்பை பிரித்தலையும் கொசு ஒழிப்பையும் அடுத்த கூட்டத்தில் பேச அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மன்னார்குடித் தம்பி ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார். என் பேத்தி எங்கள் புளோக்கின் கால்வாய்க்கு அவர் ஊர் ஆற்றின் பெயரால் 'பாமணி' என்று பெயர் வைத்து, அட்டையில் ஒரு மாதிரிப் பலகை எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள். அவளை மேடைக்கு அழைத்து, அதை மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் தம் கையால் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.