செவித்துளை மட்டுமே வாயில் அன்று

அவையோர் அனைவருக்கும் வணக்கம். உரையைத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உதடுகளை மூடியபடி 'ம்' என்று ஒரே சீராக முனகுங்கள். முனகிக்கொண்டே வலக்காதின் துளையை மட்டும் விரலால் மெல்ல அடைத்துப் பாருங்கள். ஒலி குறைய வேண்டிய காதில் அது கூடுகிறது. தலையின் நடுவே கேட்ட முனகல் வலப்பக்கம் நகர்ந்து, அடைபட்ட காதுக்குள்ளேயே குடியேறிவிட்டதுபோல் தோன்றுகிறது. கதவைச் சாத்திய பிறகு விருந்தாளி உள்ளே வந்தது எப்படி என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

வழக்கமான பாதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காது மடல் ஒலியைத் திரட்டுகிறது. ஏறத்தாழ இரண்டரை செ.மீ. நீளமுள்ள செவிக்குழல் அதைச் செவிப்பறைக்குக் கொண்டு செல்கிறது. செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் வாங்கி, உட்செவியின் நீள்வட்டச் சாளரத்தில் சேர்க்கின்றன. இந்த மூன்று எலும்புகள் ஏன் வேண்டும் என்ற கேள்வியைத்தான் வகுப்பறையில் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். உட்செவியில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரே திரவத்தின் மீது விழுந்தால், அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே புகும்; மீதி திருப்பி அனுப்பப்படும். டெசிபல் கணக்கில் இது 30 டெசிபல் அளவுக்கு இழப்பு.

அந்த இழப்பை ஈடுகட்டவே நடுச்செவி அமைந்திருக்கிறது. செவிப்பறையில் உண்மையில் அதிரும் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மி.மீ.; அங்கவடியின் அடித்தட்டோ 3 சதுர மி.மீ.க்குச் சற்றே கூடுதல். பெரிய பரப்பில் வாங்கிய விசையைப் பதினேழில் ஒரு பங்குப் பரப்பில் குவிப்பதாலும், சிற்றெலும்புகள் நெம்புகோலாக இயங்கி அவ்விசையை 1.3 மடங்கு கூட்டுவதாலும், அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்காகிறது. இழந்ததில் பெரும்பகுதி இவ்வாறு மீட்கப்படுகிறது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்: திரவம் அமுங்காது, ஆகவே அங்கவடி உள்ளே தள்ளும்போது, வட்டச் சாளரத்தின் மெல்லிய சவ்வு வெளியே புடைத்து இடம்கொடுக்கிறது. உட்செவிக்கு இப்படி இரண்டே சாளரங்கள் என்பது இயல்பான அமைப்பு.

இனி, மண்டையோட்டின் அதிர்வாகவே ஒலி உட்செவியை அடையும் எலும்பு வழிக்கு வருவோம். மண்டையோட்டிலேயே மிகவும் உறுதியான எலும்புக்குள் உட்செவி புதைந்திருக்கிறது. எனவே தலை அதிர்ந்தால் அந்த அதிர்வு, உட்செவியில் ஒலியை உணரும் பகுதியான நத்தைச் சுருளுக்கு நேரே போய்விடும், செவிப்பறைக்கும் சிற்றெலும்புகளுக்கும் அங்கே வேலையில்லை என்று பலரும் சொல்வார்கள். நான் மறுக்க வந்திருப்பது இந்தக் கருத்தைத்தான். எலும்பு வழி என்பது ஒற்றை வழி அன்று. ஒரே நேரத்தில் இயங்கும் பல வழிகளின் கூட்டு அது. குடத்தை அசைத்தால் உள்ளே இருக்கும் நீர் சற்றுப் பின்தங்கி அலம்புவதுபோல, மண்டையோடு அசையும்போது நத்தைச் சுருளின் திரவம் பின்தங்குகிறது. நலமான காதில் இதுவே முதன்மையான வழி. தசைநார்களால் தொங்கவிடப்பட்ட சிற்றெலும்புகளும் அவ்வாறே பின்தங்க, அங்கவடி சாளரத்தில் அசைகிறது. உயர்ந்த அதிர்வெண்களில் உட்செவியைச் சூழ்ந்த எலும்பே சிறிதளவு சுருங்கி விரிந்து திரவத்தை நெருக்குகிறது. இவை போதாதென்று, செவிக்குழலின் சுவர்களும் அதிர்ந்து குழலுக்குள் இருக்கும் காற்றில் ஒலியை உண்டாக்குகின்றன. குழல் திறந்திருந்தால் அவ்வொலியின் தாழ்ந்த அதிர்வெண்கள் பெரும்பாலும் வெளியே கசிந்துவிடும். விரலால் அடைத்தால் போக வழியின்றிச் செவிப்பறையையே தள்ளும். சற்றுமுன் நீங்கள் கேட்ட முனகல் வலுத்ததற்குக் காரணம் இதுதான். விருந்தாளி வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள் இருந்தவர் வெளியேற முடியாமல் திரும்பி வந்தார்.

ஒலிப்பதிவில் நம் குரல் அந்நியமாக ஒலிப்பதும் இதனால்தான். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாகவும் எலும்பின் வழியாகவும் சேர்ந்தே நம்மை அடைகிறது. ஒலிவாங்கிக்குக் கிடைப்பதோ காற்றில் வந்த பங்கு மட்டும். பிறருக்குக் கேட்பதும் அதே பங்குதான் என்பதால், நமக்குப் பிடிக்காத அந்தக் குரலே நம்மை அறிந்தவர்கள் அறிந்த குரல்.

இருவழிகளும் முடிவில் ஒரே இடத்தில் ஒரே வகையான அலையைத்தான் எழுப்புகின்றனவா? 1932இல் கேயார்க் ஃபான் பெக்கேசி இதைச் சோதித்தார். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஒருவருக்குக் காற்று வழியிலும் எலும்பு வழியிலும் ஒருசேரக் கொடுத்து, ஒன்றின் வலிமையையும் கட்டத்தையும், அதாவது அலை ஏறி இறங்கும் நேரத்தையும், மெல்ல மாற்றிக்கொண்டே போனபோது, ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒலியே கேட்காமல் போயிற்று. இருவழி அதிர்வுகளும் உட்செவியின் ஒரே சவ்வை அசைக்காவிட்டால் அது நடந்திருக்காது. இவ்வளவு எளிய கருவிகளால் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அறிவியலில் அரிது என்பது என் எண்ணம்.

முடியுமிடம் ஒன்று, வழிகள் வேறு என்பதாலேயே, பழுது எங்கே என்று மருத்துவரால் சொல்ல முடிகிறது. 1855இல் ஹைன்ரிக் அடால்ஃப் ரின்னே விளக்கிய சோதனையில், தட்டிய இசைக்கவையின் அடியைக் காதின் பின்னுள்ள எலும்பு மேட்டில் வைத்து, அங்கே ஒலி கேட்காமல் போனதும் காதுத்துளைக்கு முன் பிடிக்கிறார்கள். நலமான காதுக்கு அப்போதும் ஒலி கேட்கும். கேட்கவில்லை என்றால் தடை புறச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது என்று பொருள். இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. மண்டையோடு ஒலியை மறுபக்கம் கடத்தும்போது இழப்பது மிகச் சொற்பம். ஆகவே முற்றிலும் செவிடான காதின் பின்னால் இசைக்கவையை வைத்தாலும், மறுபக்கத்து நல்ல காது அதைக் கேட்டுவிடும். அந்தக் காதில் வேறோர் இரைச்சலைக் கொடுத்து மறைக்காத அளவீட்டை நம்ப முடியாது.

எலும்பு வழி நடுச்செவியைத் தொடுவதே இல்லை என்ற எண்ணம் எவ்வாறு தவறிழைக்கச் செய்யும் என்பதற்கு, 1950இல் ரேமண்ட் கார்ஹார்ட் எழுதியது நல்ல சான்று. அங்கவடி சாளரத்தோடு இறுகிப்போகும் நோயில், எலும்பு வழிக் கேட்பும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி ஏறத்தாழ 15 டெசிபல் தாழ்ந்து காணப்படும். பார்ப்பவர் உட்செவி நரம்பும் கெட்டுவிட்டது என்றே எண்ணுவார். அறுவை சிகிச்சை செய்து அசைவை மீட்டதும் அந்தப் பள்ளம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நரம்பு கெடவே இல்லை. சிற்றெலும்புகள் எலும்பு வழிக்குச் செலுத்திவந்த பங்குதான் நின்றுபோயிருந்தது.

இதற்கு நேர்மாறான பிழையும் நடந்திருக்கிறது. சிலருக்கு, உட்செவியில் உடலின் சமநிலையை உணர உதவும் மேல் அரைவட்டக் கால்வாயை மூடியிருக்கும் எலும்பு மெலிந்து திறந்துபோகிறது. 1998இல் லாயிட் மைனரும் அவருடைய குழுவினரும் இந்நிலையை விவரித்தார்கள். இரண்டே சாளரங்கள் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அங்கே மூன்றாவது ஒன்று திறந்துவிடுகிறது. காற்று வழியில் வரும் ஆற்றலில் ஒரு பகுதி அதன் வழியே நழுவுவதால் வெளியொலி மங்குகிறது. எலும்பு வழியோ மிகையாகக் கூர்மையடைந்து, சிலருக்குத் தம் கண்விழிகள் உருளும் ஓசைகூடக் கேட்கிறது. காற்று வழி எலும்பு வழியைவிடத் தாழ்ந்திருப்பதால், கேட்புத்திறன் அளவீட்டுத் தாளில் மட்டும் இது அங்கவடி இறுகிய நோயைப் போலவே தெரியும். அதை நம்பி நடுச்செவியைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், அங்கவடி எவ்விதத் தடையுமின்றி நன்றாகவே அசைந்துகொண்டிருக்கக் கண்டார்கள்.