கருப்புச் சாயத்துக்கு அடியில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை, சிங்கப்பூரில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக் காலத்தில் வாகனப் பட்டறையில் கிரீஸ் கையோடு நின்றபோது என்னைத் தொற்றிக்கொண்டது. அது கைகூட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின; கைகூடிய முதல் முறை நன்றாக ஏமாந்தும் போனேன். அப்படிப்பட்ட ஒரு வண்டியை வாங்குவதற்கு முன் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

வண்டி பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். விற்பவருக்கும் அதுவே வசதி. எஞ்சினைக் கழுவித் துடைத்து ஒரே திருகலில் கிளப்பிக் காட்டிவிட்டால், வாங்க வந்தவரின் மனம் பாதி இளகிவிடும். ஆனால் அந்த வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின் மிக எளிமையான அமைப்பைக் கொண்டது. அதன் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பழைய வண்டிகளில் பழகிய மெக்கானிக் யாராலும் அதைப் பிரித்து மாட்ட முடியும். எஞ்சின் கெட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் கெட்டிருந்தால் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

இதற்குக் காரணம் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமான காலத்தில், போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. அதனால் வெளிக்கூட்டின் பெரும்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அதைத் தாங்கும் சேஸிஸை மட்டும் எஃகுத் தகடுகளைப் பெட்டிபோல் சேர்த்து வெல்டிங் செய்து அமைத்தார்கள். மேலே இருக்கும் அலுமினியம் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மினுக்கும். அடியில் இருக்கும் எஃகோ, உள்ளே தேங்கிய சேற்றாலும் ஈரத்தாலும், வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கப்பட்டுவரும். சாதாரணக் காரில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று காந்தத்தை வைத்துச் சோதிப்போம். இந்த வண்டியின் கதவின் வெளித்தகட்டிலோ பக்கவாட்டுத் தகட்டிலோ காந்தம் எப்படியும் ஒட்டாது. ஆகவே அதை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில்தான் போக வேண்டும்.

நான் ஏமாந்தது அங்கேதான். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் நான் பார்த்த வண்டியின் அடிப்பாகம் முழுவதும் தடிமனான கருப்புச் சாயம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசியதாக விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். பட்டறையில் ஏற்றிச் சுரண்டியபோது ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு, அதன் மேல் மூன்றாவது என்று ஒட்டுமேல் ஒட்டாக வெல்டிங் போட்டிருந்தது தெரிந்தது. மூன்றாவது தகட்டுக்கு அடியில் சேஸிஸே இல்லை. துருத்தூள் மட்டும் கைப்பிடியளவு கொட்டியது.

அன்றிலிருந்து சிறிய சுத்தியலும் பழைய திருப்புளியும் இல்லாமல் நான் வண்டி பார்க்கப் போவதில்லை. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் தொடங்குங்கள். சக்கரங்கள் வாரியடிக்கும் சேறு முதலில் படிவது அங்கேதான். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே முன்னோக்கி வந்தால், நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். அரித்த இடம் ஈரப் பலகையைத் தட்டியதுபோல் 'தொப்' என்று அடங்கும். சத்தம் மாறும் இடத்தில் திருப்புளியை அழுத்திப் பாருங்கள். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு கூட்டைத் தாங்கும் கைகளையும், ஸ்பிரிங் பட்டைகள் மாட்டப்பட்டிருக்கும் கொக்கிகளையும் இப்படியே சோதியுங்கள். அடுத்ததாக, எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவரைப் பாருங்கள். அதுவும் எஃகு. காலடி விரிப்பைத் தூக்கினால் கால் வைக்கும் பள்ளத்தின் நிலை தெரிந்துவிடும். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அலுமினியம் வெண்பொடியாக உதிர்வதையும் காணலாம்.

வண்டி எங்கே வாழ்ந்தது என்பதையும் கேளுங்கள். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அது எஃகுக்கு எமன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியிலிருந்து வரும் வண்டிகள் பொதுவாக நல்ல நிலையில் இருக்கும். மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறி ஏற்றிய வண்டிகள் உழைப்பாளிகள். ஆனால் அத்தகைய வண்டிகளில் சுமையால் வளைந்த ஸ்பிரிங்கையும், பின்னாளில் மாற்றிப் பொருத்திய வேறு எஞ்சினையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

சேஸிஸ் தேறிய பிறகு எஞ்சினுக்கு வரலாம். ஒன்றை மட்டும் போனவுடனேயே செய்துவிடுங்கள்: ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எஞ்சின் கிளம்புவதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும். ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நழுவினால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். கியர் கம்பிக்கு அருகே உள்ள மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களுக்கும் விசை போகும். சிவப்புக் குமிழ் கொண்ட கம்பியைப் பின்னுக்கு இழுத்தால் தாழ்வேகக் கியர் விழும். இவ்விரண்டையும் புல்தரையிலோ சரளைக் கல்லிலோ சோதியுங்கள். இவ்வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. தார்ச் சாலையில் திருப்பினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான உருண்டையில் துருக்குழிகள் விழுந்திருந்தால் அங்கே எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதைச் சீராக்கலாம், ஆனால் செலவுக் கணக்கில் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு சோதனையும் உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் சேர, முதலில் பதிவாகி 35 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். இந்தப் பழைய வண்டிகளில் கடைசியான மூன்றாம் வரிசை (சீரிஸ் III) லேண்ட் ரோவரின் தயாரிப்பு 1985இல் நின்றுவிட்டதால் வயது சிக்கலில்லை. சிக்கல், வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பதில்தான். வேறு எஞ்சின் மாற்றிய வண்டியையோ, முழுச் சேஸிஸையும் புதிதாக மாற்ற வேண்டிய வண்டியையோ வாங்குவதென்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே ஆணையத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சேஸிஸில் பொறித்த எண்ணையும் ஆவணத்தில் உள்ள எண்ணையும் உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். விற்பவர் அனுப்பும் படம் போதாது.

இப்போது என்னிடம் இருக்கும் வண்டியை முதலில் பார்த்தபோது கூரையில் பாசி படிந்திருந்தது, எஞ்சின் கிளம்பவே இல்லை, விற்ற பெரியவர் கூச்சத்தோடு நின்றார். அடியில் சாயமே பூசியிருக்கவில்லை. தட்டிய இடமெல்லாம் மணியடித்தது. அரை மணி நேரத்தில் விலை பேசி முடித்துவிட்டோம். திருப்புளியால் குத்திப் பார்க்கக் கூடாது என்று யாராவது தடுத்தால், கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, ஜொகூர் பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். வணக்கம்.