எட்டுக்கு எட்டு போட்டால் சரியா?

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பேனர் பிடித்த கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டியூன் பண்ணிய பைக் எஞ்சினுக்கு, பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கில் எதைப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

போன வருஷம் ஒரு தம்பி ஆர்எக்ஸ் 100-ஐத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தான். 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. பவர் கூட்ட, சிலிண்டரில் காற்றும் பெட்ரோலும் போய்வருகிற துளையான போர்ட்டைப் பெரிசாக்கி, சிலிண்டர் மூடியான ஹெட்டைச் சீவி, சைலன்சரையும் மாற்றியிருந்தான். பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் மூக்கு சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. அதன்மேல் கடுகை விடச் சின்னதாக அலுமினியப் பொட்டுகள். பிளக்கில் ஏது அலுமினியம்? ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால், பிஸ்டன் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

"என்ஜிகே எட்டாம் நம்பர் போடச் சொன்னாங்கண்ணா. கடையில இல்லைங்க. பாஷ்ல எட்டு இருந்துச்சு, அதையே போட்டுட்டேன்" என்றான்.

என்ஜிகே, பாஷ் இரண்டும் பிளக் கம்பெனிகள். பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக இறக்கும் என்பதைத்தான் இந்த நம்பர் சொல்கிறது. என்ஜிகேயில் நம்பர் ஏற ஏற பிளக் கோல்ட், அதாவது சூட்டைச் சீக்கிரம் இறக்கும். பாஷில் தலைகீழ், நம்பர் ஏற ஏற ஹாட். பாஷ் எட்டு என்பது கிட்டத்தட்ட என்ஜிகே ஐந்து. ஒரு படிக்கு முனைச் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும். தம்பி மூன்று படி தாண்டியிருக்கிறான்.

ஹாட் பிளக் என்றால் பொறி சூடாக வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கைக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பாருங்கள். பீங்கான் மூக்கு நீளமாக, ஆழத்தில் போய் இரும்பைத் தொட்டால் சூடு ஹெட்டுக்கு இறங்க நேரமாகும். அது ஹாட். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது கோல்ட்.

முனை சுமார் 450 டிகிரியாவது சூடேறினால்தான் படிகிற கரி தானாக எரியும். அதற்குக் கீழே இருந்தால் கரி பிடித்து மிஸ்ஸிங் அடிக்கும். 800-ஐத் தாண்டிப் போனால் முனையே கொள்ளிக்கட்டை மாதிரி கனன்று, பொறி வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். ஏறி வருகிற பிஸ்டனை அந்த வெடி எதிர்த்து அடிக்கும். ஓட்டை விழாமல் என்ன செய்யும்?

டியூன் பண்ணினால் அறைக்குள் சூடு கூடும், அதனால் கம்பெனி பிளக்கிலிருந்து ஒரு படி கோல்ட் போடுங்கள். முதலில் ஒரே ஒரு படிதான். பத்தாம் நம்பர் போட்டால் வண்டி பறக்கும் என்று பையன்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். பிளக் பவர் தராது. ஊருக்குள் நாலு சிக்னலில் நின்றாலே கரி அடைத்துக் கிக்கர் உதைக்க வைக்கும்.

இன்னொன்று. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டும், பொறி வருகிற நேரமான டைமிங்கும் சரி பண்ணாமல் பிளக்கைத் தொடாதீர்கள். பெட்ரோல் போதாமல் ஓடுகிற எஞ்சினில் கோல்ட் பிளக் போட்டால் பிளக் தப்பிக்கும், பிஸ்டன் தப்பிக்காது.

சோதிக்கிற முறை பழசுதான். ஆளில்லாத டிராக்கில் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச் பிடித்து, அதே நொடியில் சாவியை அணைத்து உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். ஐடிலில் விட்டால் நிறம் கெட்டுப்போகும். மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் நிம்மதி. இப்போதைய ஈயமில்லாத பெட்ரோலில் நிறம் லேசாகத்தான் ஏறும். லென்ஸ் வைத்து மூக்கின் அடிவேரைப் பார்க்க வேண்டும்.

நம்பரோடு எழுத்தையும் கவனியுங்கள். என்ஜிகேயில் எச் என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர், ஈ என்றால் 19. எச் போட வேண்டிய இடத்தில் ஈ போட்டால் பிளக் பிஸ்டனிலேயே இடிக்கலாம்.

அந்தத் தம்பிக்குப் புது பிஸ்டன் போட்டு, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது ஊருக்குள் என்ஜிகே எட்டு, கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போனால் ஒன்பது. ஒன்பதைக் கழற்ற மறந்த திங்கட்கிழமைகளில் காந்திபுரம் சிக்னலிலிருந்து எனக்கு போன் வரும்.