டவர் கிடைக்காதது போன் குற்றமா, கம்பெனி குற்றமா?

நேயர்களுக்கு வணக்கம். "டவரே கிடைக்கலீங்க, புது போன்தான் வாங்கோணும்" என்று நம் பக்கம் பலரும் சொல்கிறார்கள். கடன் சொல்லி வாங்கிய பிறகும் அதே வாசற்படிக்கு வந்து நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. வாங்கும் முன் குறை எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதைப் போன் தயாரிக்கும் கம்பெனிகள் தம் இஷ்டத்துக்குத்தான் வைக்கின்றன. 2010இல் ஐபோன் 4 பற்றிப் புகார் கிளம்பியபோது, கோடு கணக்கிடும் முறையே தவறு, பல நேரம் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியது என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது.

எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், செட்டிங்ஸில் சிம் விவரம் உள்ள இடத்தில் மைனஸ் 80, மைனஸ் 110 என்று இருக்கும். 80 நல்ல சிக்னல். 110 என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் வந்து சேருகிறது. அதே கம்பெனி சிம் உள்ள இன்னொரு போனைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் 110 என்றால் உங்கள் போனைக் குறை சொல்ல வேண்டாம். உங்களுடையதில் மட்டும் மோசம் என்றால் ஆன்டெனா பழுதாக இருக்கலாம். வெளிநாட்டுப் போனாக இருந்தால் இங்குள்ள அலைவரிசை சில அதில் இல்லாமலும் போகும்.

சோமனூர், பல்லடம் தறிக்குடோன்களில் தகரக் கூரையே அலையை மறித்துவிடும். அங்கே இணைய இணைப்பு இருந்தால் வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே பேசும் வசதி, கைகொடுக்கும்.

பர்கூர் மலை, கடம்பூர் மலை, வால்பாறைப் பக்கம் கதையே வேறு. மலை குறுக்கே நின்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் ஒன்றுதான். ஆள் குறைவு, வருமானம் வராது என்று டவர் போடாமல் விடுவது கம்பெனிகள் எடுக்கும் முடிவு. இருக்கும் டவரும் மழையில் கரன்ட் போய், பேட்டரி தீர்ந்தால் அணைந்துவிடுகிறது. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக 108ஐ அழைக்க ஒருவர் இருட்டில் மேட்டைத் தேடி ஓடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எந்தெந்த ஊரில் சேவை உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதி. உங்கள் ஊர் அதில் இருந்தும் போனில் 115 காட்டினால், இரண்டையும் படம் பிடித்து வையுங்கள். 198க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அந்த எண்ணோடு அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். ஊரில் நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு புகாராகக் கொடுங்கள்.