குழாயில் தண்ணீர் வர எத்தனை லிட்டர் டீசல்?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

காஸாவில் கரண்ட் இல்லை என்று செய்தியில் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் மனதில் வருவது இருட்டுதான். மெழுகுவத்தி, டார்ச், சார்ஜ் இறங்கிய கைபேசி. அதெல்லாம் உண்மை. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது தண்ணீரைப் பற்றி. காஸாவில் கரண்ட் நின்றால் முதலில் நிற்பது தண்ணீர். இதையே இந்த உரையில் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஸா என்பது சுமார் 41 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடற்கரைத் துண்டு. அகலம் 6 முதல் 12 கிலோமீட்டர். அதற்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. இருப்பது நிலத்தடி நீர். அதிலும் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் உள்ளே வந்துவிட்டது. மேலிருந்து கழிவுநீர் இறங்கிவிட்டது. அந்த நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குடிக்க உதவாது. இஸ்ரேலிலிருந்து மூன்று குழாய்கள் வழியே கொஞ்சம் தண்ணீர் வரும். மற்றபடி கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் மோட்டார் ஓட வேண்டும்.

அந்த மோட்டாருக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது? போர் தொடங்கிய 2023 அக்டோபருக்கு முன், இஸ்ரேலிலிருந்து பத்து மின்பாதைகள் வழியே 120 மெகாவாட். காஸாவிலேயே இருக்கும் ஒரே ஒரு மின்நிலையத்திலிருந்து மீதி. அது நுசெய்ராத் பக்கம் இருக்கிறது, 2002இல் ஓடத் தொடங்கியது. திறன் 140 மெகாவாட். எரிவாயுவுக்காக வடிவமைத்த நிலையம், ஆனால் வாயு வராததால் டீசலில் ஓடியது. முழுத் திறனில் ஓட நாளொன்றுக்கு ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். அவ்வளவு ஒருநாளும் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. பாதித் திறனில் ஓடியதே பெரிது. தேவையோ 400 முதல் 500 மெகாவாட்.

இது ஒரே நாளில் வந்த நிலை அல்ல. 2006 ஜூன் 28 அன்று இஸ்ரேலிய விமானங்கள் அந்த நிலையத்தின் ஆறு டிரான்ஸ்பார்மர்களையும் குண்டுவீசி அழித்தன. 2007இல் காஸாவை 'பகை நிலப்பகுதி' என்று அறிவித்து எரிபொருளையும் மின்சாரத்தையும் குறைக்க இஸ்ரேல் அரசு முடிவெடுத்தது. வழக்கு இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில், அந்தக் குறைப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மின்நிலையத்துக்கு வாரம் 22 லட்சம் லிட்டர் டீசல் விடுகிறோம், மனிதாபிமானத் தேவைக்கு அது போதும் என்பது அரசின் வாதம். வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் லிட்டர். என் கருத்தில் அந்தக் கணக்கின் அடிப்படைக் குறை, மின்நிலைய வாசலில் நின்று அளந்ததுதான். அளக்க வேண்டிய இடம் நாலாவது மாடியில் இருக்கும் வீட்டுக் குழாய்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காஸாவை ஆண்ட ஹமாஸ் ஒரு பக்கம், மேற்குக் கரையின் ரமல்லாவில் இருக்கும் பாலஸ்தீன அதிகாரசபை ஒரு பக்கம் என்று, பாலஸ்தீனத் தரப்புகளுக்குள்ளேயே டீசல் வரி யார் கட்டுவது, மின்கட்டணம் யார் செலுத்துவது என்று பல ஆண்டு தகராறு. 2017இல் வரித் தகராறில் மின்நிலையம் நின்றது. அதிகாரசபை கேட்டுக்கொண்டபடி இஸ்ரேல் தன் மின்பாதைகளிலும் வெட்டியது. அந்தக் கோடையில் காஸா வீடுகளுக்கு நாளொன்றுக்கு நாலு மணி நேரம்தான் கரண்ட்.

இனி அந்த நாலு மணி நேரத்துக்கு வருவோம். போருக்கு முன் காஸாவில் 'ஜத்வல்' என்று ஒரு சொல் புழங்கியது. கரண்ட் வரும் நேர அட்டவணை. எட்டு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது என்பது நல்ல காலத்து ஜத்வல். ஆறுக்குப் பன்னிரண்டு, நாலுக்குப் பன்னிரண்டு என்பது கெட்ட காலத்து ஜத்வல். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் வீட்டுப் பெண்கள் இரண்டு மணிக்கு எழுந்து துணி துவைக்க வேண்டும், ரொட்டி சுட வேண்டும், மின்கலத்தைச் சார்ஜில் போட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு இதைவிடச் சிக்கல். நம் வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். நகராட்சித் தண்ணீர் தெருக்குழாயில் வர வேண்டும். அது வரும் அதே நேரம் வீட்டில் கரண்ட் இருக்க வேண்டும். அப்போதுதான் மாடித் தொட்டிக்கு ஏறும். நகராட்சிக் கிணறு இருக்கும் பகுதிக்குக் காலையில் கரண்ட், உங்கள் பகுதிக்கு மாலையில் கரண்ட் என்றால்? தெருவில் தண்ணீர் இருக்கும், மொட்டைமாடியில் இருக்காது. இந்த இரண்டு நேரமும் ஒன்றுசேராமல் போவதுதான் காஸாவின் அன்றாடத் துன்பமாக இருந்தது. மேல்மாடியில் இருப்பவருக்கு அது இரட்டிப்பு, ஏனென்றால் லிஃப்டும் நின்றிருக்கும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேடும் உண்டு. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால், விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். அழுத்தம் போனால் வெளியில் மண்ணில் நிற்கும் சாக்கடை அதே விரிசல் வழியே உள்ளே இறங்கும். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்கு, முதலில் வரும் கலங்கல் நீரைப் பிடிக்காமல் விடும் பழக்கம் இருக்கும். காஸாவில் அந்த முதல் குடத்தையும் கொட்ட மனம் வராது.

சரி, டீசலுக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசலை ஜெனரேட்டரில் ஊற்றினால் ஏறக்குறைய மூன்று யூனிட்டிலிருந்து மூன்றரை யூனிட் வரை கரண்ட் கிடைக்கும். முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து கிணற்று நீர் இறைக்க ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு போதும். அதாவது ஒரு லிட்டர் டீசலில் இருபதாயிரம் லிட்டர் வரை மேலே வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உப்புத் தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு நாலு யூனிட் வரை செலவாகும். அப்போது ஒரு லிட்டர் டீசலுக்குக் கிடைப்பது எண்ணூறு லிட்டர் சுமார். நெருக்கடிக் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது உலகளவில் ஒத்துக்கொண்ட குறைந்த அளவு. ஆக, ஒரு லிட்டர் டீசல் என்பது ஐம்பது பேரின் ஒரு நாள் தண்ணீர். அதை லாரியில் ஏற்றிக் கூடாரத்துக்குக் கொண்டுபோகும் டீசலை இதில் நான் சேர்க்கவில்லை.

அந்த உப்பு நீக்கும் ஆலையை நினைத்தபோது நிறுத்தி, நினைத்தபோது ஓட்டவும் முடியாது. உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு. நிறுத்தினால் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். நாள்கணக்கில் நிற்கும் என்றால் பாதுகாப்பு மருந்துக் கரைசலை நிரப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பு படியும், பாசி பிடிக்கும், சவ்வு அடைத்துக்கொள்ளும். புதுச் சவ்வு வாங்க வேண்டும் என்றால் அதுவும் எல்லையில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

தெய்ர் அல்-பலாஹில் இருக்கும் ஆலை இதற்கு எடுத்துக்காட்டு. போருக்கு நடுவில், 2024 நவம்பரில் அதற்கு மட்டும் இஸ்ரேலிலிருந்து ஒரு மின்பாதையை மறுபடி இணைத்தார்கள். நாளொன்றுக்கு 1 கோடியே 80 லட்சம் லிட்டர் குடிநீர் தந்தது. 2025 மார்ச்சில் அந்தப் பாதையையும் துண்டிக்க இஸ்ரேலின் எரிசக்தி அமைச்சர் உத்தரவிட்டார். ஜெனரேட்டருக்கு மாறிய ஆலையால் தர முடிந்தது சுமார் 25 லட்சம் லிட்டர். ஏழு குடத்தில் ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலை இடியவில்லை, சவ்வு கிழியவில்லை. கரண்ட் நின்றது, தண்ணீர் நின்றது.

குடிநீருக்குச் சொன்னது சாக்கடைக்கும் பொருந்தும். சாக்கடையைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம், ஆனால் உயிர் போவது அங்கேதான். தாழ்வான பகுதிகளில் சாக்கடை தானாக ஓடாது. ஒரு கிணற்றில் சேரும். மோட்டார் அதைத் தள்ளும். மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் கிணறு நிரம்பும். அப்புறம் அந்தத் தெருவிலேயே எந்த மேன்ஹோல் தாழ்வோ, அதன் வழியே மேலே வரும்.

2013 நவம்பரில் காஸா நகரத்தின் ஸைத்தூன் பகுதியில் நடந்தது இதுதான். அந்த ஆண்டு எகிப்து எல்லையில் சுரங்கப்பாதைகளை அடைத்தார்கள். அதுவரை அந்த வழியாக மலிவாக டீசல் வந்துகொண்டிருந்தது. நவம்பர் 1 அன்று மின்நிலையம் நின்றது. சாக்கடை நீரேற்று நிலையம் ஜெனரேட்டரில் ஓடியது, பிறகு ஜெனரேட்டருக்கும் டீசல் இல்லை. 13ஆம் தேதி பொங்கிவிட்டது. 35,000 கன மீட்டருக்கு மேல், அதாவது மூன்றரைக் கோடி லிட்டர் சாக்கடை தெருவில் ஓடியது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் ஏறக்குறைய 2,900 நடை. குழந்தைகள் அதில் நடந்துதான் பள்ளிக்குப் போனார்கள். இங்கேயும் எதுவும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். மோட்டார் நன்றாக இருந்தது, குழாய் நன்றாக இருந்தது, ஆளும் இருந்தார். டீசல் மட்டும் இல்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னொரு சங்கதி. சாக்கடையைத் தின்று சுத்தம் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுவது நின்றால் அவை சாகும். கரண்ட் திரும்பி வந்தாலும், அந்த உயிர்க்கூட்டம் மறுபடி வளர வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் போருக்கு முன்பே காஸாவின் கடலில் நாள்தோறும் 10 கோடி லிட்டர் அளவுக்குச் சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீர் கலந்தது. போரில் எல்லா நிலையங்களும் நின்றன. 2024 ஜூலையில் சாக்கடை மாதிரிகளில் போலியோ கிருமி கண்டார்கள். ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு வாதம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு காஸாவில் முதல் போலியோ. சொட்டு மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க மறுபடி கரண்ட் வேண்டும்.

இப்போது மருத்துவமனை. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். ஜெனரேட்டரில் இரண்டு வகை. கரண்ட் போகும்போது இரண்டு மணி நேரம் ஓடுவதற்கென்று செய்த வகை ஒன்று, இடைவிடாமல் ஓடுவதற்கென்று செய்த வகை ஒன்று. மருத்துவமனைகளில் வழக்கமாக வைப்பது முதல் வகை. அதை நாள் முழுதும் ஓட்டினால் என்ன ஆகும்? பொதுவாக 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். இரவும் பகலும் ஓட்டினால் பத்து நாளைக்கு ஒருமுறை. ஆயில் கிடைக்காது, ஃபில்டர் கிடைக்காது, இன்ஜெக்டர் கிடைக்காது. டீசலை மிச்சம் பிடிக்கலாமென்று சுமையை மிகவும் குறைத்து ஓட்டினாலும் கேடு. சூடு போதாமல் டீசல் முழுதாக எரியாது, கரி படிந்து எஞ்சின் மூச்சுத் திணறும்.

டீசல் குறையும்போது மருத்துவமனை ஒவ்வொன்றாகக் கைவிடும். முதலில் தாழ்வார விளக்கு, ஏசி, லிஃப்ட், சலவை. பிறகு அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் அடுப்பு. பாதியில் கரண்ட் போனால் அந்தச் சுற்று வீண், மறுபடி முதலிலிருந்து. கடைசிவரை பிடித்துவைப்பது தீவிர சிகிச்சை, குறைமாதக் குழந்தைகள், டயாலிசிஸ். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்பது முறை. ஒரு தடவைக்கு 120 லிட்டர் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். பார்த்தீர்களா, மறுபடி தண்ணீர்! போருக்கு முன் காஸாவில் ஆயிரம் பேருக்கு மேல் இந்த சிகிச்சையில் இருந்தார்கள். போரில் நேரத்தையும் தடவையையும் குறைத்தார்கள். குறைத்தால் உடம்பில் நீர் ஏறும், பொட்டாசியம் ஏறும், இதயம் நிற்கும்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு இஸ்ரேல் மின்சாரத்தைத் துண்டித்தது. 9ஆம் தேதி முழு முற்றுகை அறிவிப்பு. 11ஆம் தேதி மின்நிலையம் நின்றது. டீசல் உள்ளே விட்டால் ஹமாஸ் கைக்குப் போகும் என்பது இஸ்ரேல் சொன்ன காரணம். அந்த நவம்பரில் அல்-ஷிஃபா மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் நின்றன. 39 பச்சிளங்குழந்தைகளைச் சாதாரணக் கட்டிலில் ஒட்டிப் படுக்கவைத்து, அலுமினியத் தாள் சுற்றிச் சூடு காத்தார்கள். குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது; தன் சூட்டைத் தானே காக்க அதனால் முடியாது. நவம்பர் 19 அன்று உயிரோடு வெளியே கொண்டுவர முடிந்தது 31 பேரை. 39க்கும் 31க்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியை எந்த ராணுவக் காரணமும் நியாயப்படுத்தாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மக்கள்கூட்டம் முழுவதையும் சேர்த்துத் தண்டிக்கக் கூடாது என்று நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவு சொல்கிறது.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மேற்குக் கரை கிராமங்களில் சூரியத் தகடுகள் படும் பாடு பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. சமையலை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் 2 முதல் 130 நாள் காஸாவுக்குள் எரிபொருள் வரவில்லை. மார்ச் 31இல் உலக உணவுத் திட்டத்தின் 25 ரொட்டிக்கூடங்களும் மாவும் எரிபொருளும் இன்றி மூடின. மக்கள் பிளாஸ்டிக்கை எரித்துச் சமைத்தார்கள், பிளாஸ்டிக்கைக் காய்ச்சி எண்ணெய் இறக்கி வண்டி ஓட்டினார்கள். அந்தப் புகை நஞ்சு. ஜூலையில் முதலில் வந்தது 75,000 லிட்டர். ஒரு நாள் தேவைக்கும் போதாது.

கடைசியாக ஒன்று. காஸா கரையிலிருந்து சுமார் 36 கிலோமீட்டரில், கடலுக்கடியில் காஸாவுக்குச் சொந்தமான எரிவாயு வயல் இருக்கிறது. கண்டுபிடித்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. நுசெய்ராத் நிலையம் எந்த வாயுவுக்காகக் கட்டப்பட்டதோ, அதே வாயு. இன்றுவரை அதிலிருந்து அந்த நிலையத்துக்கு ஒரு கன அடிகூட வந்து சேரவில்லை.

வணக்கம்.